இலங்கையின் இரவல் கண்கள்

2022 ஆகஸ்ட் 15. கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில், இந்தியக் கடற்படையின் டோர்னியர் விமானம் ஒன்று இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிபர் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத ரணில் விக்கிரமசிங்க விழாவுக்கு வந்திருந்தார். இந்தியக் கடற்படையின் துணைத் தளபதி கோர்மடேயும் வந்திருந்தார். மறுநாள் காலை, அதே தீவின் தென்கோடியில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் சீனாவின் யுவான் வாங் 5 நுழைந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கருவிகள் கொண்ட கப்பல் அது. டெல்லி கவலை தெரிவித்தது. வருகையைத் தள்ளிப்போடச் சொன்ன கொழும்பு, கடைசியில் அனுமதித்துவிட்டது.

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அந்த ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி கைவிரித்த நாடு அது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஜனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் இந்தியாவிடம் விமானம் வாங்கிக்கொண்டு மறுநாள் சீனாவுக்குக் கதவு திறக்கிறதே என்று நம் பக்கத்தில் பலர் கோபப்பட்டார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். கையில் காசில்லாத ஒரு சின்ன நாடு தன் கடலைப் பார்க்க யாரிடமிருந்து கண்ணை இரவல் வாங்குவது, எத்தனை பேரிடம் வாங்குவது, வாங்கிய பிறகு அந்தக் கண் பார்ப்பதை யாரோடு பகிர்ந்துகொள்வது என்பதெல்லாம் அந்த நாட்டின் உயிர்ப் பிரச்சினை. அந்த முடிவுகள் கொழும்பில் எடுக்கப்பட்டாலும், அவற்றின் விளைவு முத்துப்பேட்டையிலும் ஜெகதாப்பட்டினத்திலும் நாகையிலும் கரையேறுகிறது.

மன்னார்குடியில் உட்கார்ந்து இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் வரைபடத்தில் ஒரு நூலை வைத்து அளந்து பார்க்கலாம். இங்கிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் சுமார் 130. டோர்னியர் நிற்கும் திருகோணமலை சீனக்குடாத் தளம்கூடச் சென்னையை விடக் கொஞ்சம்தான் அதிக தூரம், சுமார் 300. நாற்றும் நடவுமாக இருக்கும் ஊர் என்பதால் நம்மைக் கடற்கரைக்காரர்களாக நாம் நினைத்துக்கொள்வதில்லை. ஆனால் பாமணி ஆற்றங்கரையிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் முத்துப்பேட்டை, அலையாத்திக் காடு, அதற்கப்பால் பாக் நீரிணை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வரைக்கும் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

மேலே போனால் எவ்வளவு தெரியும்?

கடலோரக் காவல் விமானம் என்றால் குண்டு போடும் போர் விமானம் என்று பலர் நினைக்கிறார்கள். டோர்னியர் 228 அப்படி இல்லை. இரண்டு புரொப்பெல்லர் எஞ்சின்கள், 19 பேர் உட்காரக்கூடிய குறுகிய உடல்; பயணிகள் விமானமாகவும் பறக்கிற ரகம்தான். ஜெர்மனியில் வடிவமைத்ததை, 1983-இல் உரிமம் வாங்கி, கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டி வருகிறது. கடற்படைக்கான விமானத்தில் வயிற்றுக்குக் கீழே சுற்றுமுற்றும் துழாவும் ராடார் இருக்கும். உள்ளே ஒருவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருப்பார்.

கணக்கு எளிது. பதினைந்து மீட்டர் உயரத்தில் ராடார் வைத்த ரோந்துப் படகுக்குக் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வரைதான் எட்டும். பூமி உருண்டை, அதற்கு அப்பால் இருப்பது வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். அதே ராடாரை 3,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் அடிவானம் 220 கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. பருத்தித்துறைக்கு மேலே அந்த உயரத்தில் ஒரு விமானம் பறந்தால், மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயில் கோபுரம்கூட அதன் அடிவானத்துக்குள் அடங்கிவிடும். ஒரு நாள் முழுக்கப் படகுகள் தேடும் பரப்பை விமானம் ஒரு மணி நேரத்தில் தேடிவிடும்.

பார்ப்பது எல்லாம் தெரிந்துவிடும் என்றும் இல்லை. பெரிய சரக்குக் கப்பல்கள் தங்கள் பெயரையும் போகும் திசையையும் தாங்களே வானொலியில் அறிவித்துக்கொண்டே போகும். சர்வதேச விதி அப்படி. ராடாரில் ஒரு புள்ளி தெரிந்து, அந்தப் புள்ளிக்குப் பெயர் வரவில்லை என்றால் அங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. விமானம் கீழே இறங்கும். கேமரா திரும்பும். ஹெராயின் ஏற்றிவரும் மீன்பிடிக் கப்பலாக இருக்கலாம், எண்ணெய்க் கழிவைத் திருட்டுத்தனமாகக் கடலில் கொட்டும் கப்பலாக இருக்கலாம், எஞ்சின் செத்துப்போய் மூன்று நாளாக மிதக்கும் படகாகவும் இருக்கலாம். இரவில் வெப்பத்தைப் பார்க்கும் கேமராவில் சூடான எஞ்சின் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நம் விசைப்படகு மடி இழுக்கும்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். வெறுமனே கடந்துபோகும் படகு அப்படிப் போகாது. மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த வேகமே போதும், கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். சின்ன ஃபைபர் படகுதான் பாவம். அலைக்குள் ராடாருக்கு அது எளிதில் சிக்குவதில்லை. காணாமல் போனால் கண்டுபிடிப்பதும் அதனாலேயே கஷ்டம்.

ஒரு கேட்டலினாவின் கடைசிச் செய்தி

இந்தத் தீவுக்கு வானத்துக் கண் எவ்வளவு பெறுமானம் என்பதற்கு 1942-ஐ விடப் பெரிய சாட்சி இல்லை. சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ரங்கூன் விழுந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை இலங்கையில் வந்து ஒதுங்கி நின்றது. காலிக்கு அருகே கொக்கலை ஏரியில், நீரிலிருந்தே கிளம்பும் கேட்டலினா விமானங்களோடு கனடா விமானப்படையின் 413-ஆம் படைப்பிரிவு வந்து இறங்கியிருந்தது. நாடு பிரிட்டனுடையது, விமானம் அமெரிக்காவில் வடிவமைத்தது, படைப்பிரிவு கனடாவுடையது. அப்போதும் இலங்கையின் கண் இரவல்தான்.

ஏப்ரல் 4-ஆம் தேதி லெனர்ட் பிர்ச்சல் தன் ஒன்பது பேர் குழுவோடு கொக்கலையிலிருந்து கிளம்பினார். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாளெல்லாம் பறந்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்ப வேண்டிய வேளை. தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள். போய்ப் பார்க்காமலே திரும்பியிருக்கலாம். அவர் போய்ப் பார்த்தார். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பல்படை, பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே தளபதியின் படை, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. எண்ணிக்கையையும் திசையையும் வானொலியில் அனுப்பிக்கொண்டிருந்தபோதே ஜப்பானியப் போர் விமானங்கள் கேட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. மூன்று பேர் இறந்தார்கள். பிர்ச்சலும் மற்ற ஐவரும் பிடிபட்டுப் போர் முடியும்வரை சிறையில் இருந்தார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. எச்சரிக்கை கிடைத்திருந்ததால் துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் முன்பே வெளியேறிவிட்டன. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த மாதம் சென்னையைக் காலி செய்துகொண்டு மூட்டை முடிச்சோடு ரயிலேறித் தஞ்சை ஜில்லாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். 9-ஆம் தேதி குண்டு விழுந்த சீனக்குடாவில்தான் இன்று இலங்கை விமானப்படையின் மூன்றாம் கடல்சார் படைப்பிரிவும் நாம் கொடுத்த டோர்னியரும் இருக்கின்றன. பிர்ச்சல் பார்த்த அந்தச் சில நிமிடங்களைத்தான் இன்றும் எல்லா நாடுகளும் கோடி கோடியாகக் கொட்டி வாங்கப் பார்க்கின்றன.

நிலத்தைப் போல எட்டு மடங்கு கடல்

இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். அதற்கு உரிமையுள்ள பொருளாதாரக் கடல் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதையும் தாண்டி, கப்பல் ஆபத்தில் சிக்கினால் தேடிப்போய்க் காப்பாற்றும் பொறுப்பு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டருக்கு அந்த நாட்டின் தலையில் இருக்கிறது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கப்பல் பாதை தீவின் தெற்கு முனையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. இந்தியக் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் டோர்னியரும் ஓடிப்போய் உதவின. எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. அவை உடைந்திருந்தால் வங்கக் கடலின் இரு கரையும் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எட்டே மாதம் கழித்து, 2021 மே மாதம், கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் உருண்டைகள் மேற்குக் கரை மணலெங்கும் ஒதுங்கின. மீனவர்கள் மாதக் கணக்கில் கடலுக்குப் போக முடியவில்லை.

இவ்வளவுக்கும் இலங்கையிடம் இருந்த கண்கள் மிகக் குறைவு. 2018-லேயே டெல்லியில் நடந்த பாதுகாப்புப் பேச்சுவார்த்தையில் டோர்னியர் பற்றிய பேச்சு வந்துவிட்டது. நான்காண்டு கழித்து ஏற்பாடானது இப்படி: முதலில் இந்தியக் கடற்படையின் விமானம் ஒன்று இரண்டு ஆண்டுக்கு இலவசம், புதிதாகக் கட்டிய விமானம் அடுத்த கட்டம். ஓட்டவும் பராமரிக்கவும் இலங்கைக் குழுவுக்கு இந்தியாவில் நான்கு மாதப் பயிற்சி. ஆண்டுப் பராமரிப்புக்காக முதல் விமானம் திரும்பியபோது, 2023 ஆகஸ்டில் மாற்றாக இன்னொன்று போய் நின்றது.

அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கா 1.19 கோடி டாலர் மதிப்புள்ள, அதாவது நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய்க்கான, பீச்கிராஃப்ட் கிங் ஏர் 360 விமானத்தைக் கொடுத்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியா தன் விமானப்படையின் கிங் ஏர் 350 ஒன்றைக் கொடுத்தது. மூன்று நாடுகளுக்கும் மூன்று நோக்கம். இந்தியாவுக்குச் சீனக் கப்பல்கள் பற்றிய கவலை. அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு கூட்டாளி வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு, அகதிப் படகுகள் தன் கரைக்கு வராமல் இலங்கைக் கரையிலேயே நிறுத்தப்பட வேண்டும். 2013-இலேயே கொழும்புக்கு இரண்டு ரோந்துப் படகுகள் தருவதாக அந்த நாடு அறிவித்தது அதற்குத்தான். அந்த அகதிப் படகுகளில் ஏறியவர்களில் நம் ஈழத் தமிழர்கள் எத்தனையோ பேர். அதைச் சொல்லாமல் ஆஸ்திரேலிய விமானத்தை வெறும் நட்புப் பரிசாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். விமான விஷயத்தில் அந்தப் பழமொழி செல்லாது. பல்லைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உதிரிபாகம் எங்கிருந்து வரும், பெரிய பழுது பார்க்க எந்த ஊருக்குப் பறக்க வேண்டும், ராடார் பார்த்ததைப் பதிவு செய்யும் கருவி யாருடையது, அந்தப் பதிவு எந்த நாட்டு அலுவலகத்துக்குப் போகும்? விமானம் இலவசமாக வரலாம். பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எரிபொருளும் சம்பளமும் பெறும் நாட்டின் செலவு. பீச்கிராஃப்ட் ரகத்தை இலங்கை விமானப்படை பல காலமாகவே ஓட்டிப் பழகியிருக்கிறது. அதனால் இரண்டு கிங் ஏர் வந்து சேர்ந்ததில் நடைமுறை வசதி இருக்கிறது. டோர்னியர் தனி ரகம், ஆனால் அதைப் பழுது பார்க்கும் பட்டறைகள் பக்கத்திலேயே, இந்தியாவில் இருக்கின்றன. ஒரே வீட்டுக் கண்ணை மட்டும் நம்பாமல் மூன்று வீட்டில் வாங்கியது, ஏழை நாடு செய்யக்கூடியவற்றில் புத்திசாலித்தனமான காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

காசுள்ள சின்ன நாடுகளுக்குத் தேர்வு வேறு மாதிரி. ஐம்பது லட்சம் மக்கள்கொண்ட நியூசிலாந்து, 1960-களிலிருந்து ஓட்டிவந்த ஓரியன் விமானங்களுக்குப் பதிலாக நான்கு போயிங் பி-8 வாங்க 2018-இல் முடிவெடுத்தது. செலவு 234 கோடி நியூசிலாந்து டாலர். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், நார்வே எல்லாரும் அதே விமானம் ஓட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியக் காரணம்: ஒருவர் பட்டறையில் இன்னொருவர் பழுது பார்க்கலாம், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் உடனே படிக்கலாம். இந்தியாவும் 2009-இல் அதே குடும்பத்து விமானத்தைத்தான் வாங்கியது. 2013 முதல் அவை அரக்கோணத்திலிருந்து பறக்கின்றன.

மாலத்தீவின் கதை எதிர்த்திசையில் போனது. இந்தியா கொடுத்த டோர்னியரையும் ஹெலிகாப்டர்களையும் இயக்க நம் ராணுவத்தினர் அங்கே இருந்தார்கள். அவர்கள் வெளியேற வேண்டும் என்பதையே தேர்தல் முழக்கமாக வைத்து 2023-இல் முய்சு வென்றார். 2024 மே 10-க்குள் ராணுவத்தினர் போய், அவர்கள் இடத்துக்குச் சிவிலியன் தொழில்நுட்பர்கள் வந்தார்கள். அதே ஆண்டு மாலத்தீவு துருக்கியிடம் ஆளில்லா விமானங்கள் வாங்கிக்கொண்டது. விமானத்தை விட, அதை ஓட்டுகிறவர் போட்டிருக்கும் சீருடைதான் அங்கே சண்டையானது. இலங்கைக் குழுவினருக்கே பயிற்சி கொடுத்து அவர்களிடமே டோர்னியரை ஒப்படைத்ததில் டெல்லி நல்ல நிதானம் காட்டியது.

நம் படகுகளும் அந்தக் கண்ணில் படும்

இனி நமக்கான பகுதி. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் ஒரு கோடு போட்டன. அந்தக் கோட்டைத் தாண்டும் விசைப்படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதானார்கள். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு கடற்படைப் படகோடு மோதி மூழ்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். இடித்துவிட்டார்கள் என்றார்கள் இங்கே. தப்பிக்கப் பார்த்தபோது மோதியது என்றார்கள் அங்கே. இறந்த நான்கு பேரும் தமிழர்கள், அவர்களில் ஒருவர் இலங்கை அகதி.

அங்கேயும் தமிழர்கள்தான் வலை விரிக்கிறார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடையும் கட்டுப்பாடும், போர் முடிந்து கடன் வாங்கி வாங்கிய வலையை நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு போகிறது என்பது யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் புகார். அது நியாயமான புகார். அவர்கள் நாட்டில் 2017-இல் இழுவை மடி முழுதாகத் தடை செய்யப்பட்டது. இங்கே ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டம் அதே ஆண்டு தொடங்கியும் மெதுவாகத்தான் நகர்கிறது. நாம் கொடுத்த டோர்னியர் நம் விசைப்படகைப் படம் எடுத்தால் அதில் துரோகம் எதுவும் இல்லை. எல்லை தாண்டியிருந்தால் அது தெரியத்தான் வேண்டும். தாண்டாத படகை நடுக்கடலில் பிடித்தாலும் அதே பதிவு சாட்சியாக வர வேண்டும். மோதல் நடந்த இரவில் எந்தப் படகு எங்கே இருந்தது என்பதை வானத்திலிருந்து எடுத்த பதிவு சொல்லிவிடும். அந்தப் பதிவு இரு நாட்டு நீதிமன்றங்களிலும் செல்லுபடியாக வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அதைவிட அவசரம், உயிர். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் நூற்றுக்கணக்கில் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார்கள். அரக்கோணத்து பி-8-உம் டோர்னியர்களும் தேடின. தேடல் தாமதமாகத் தொடங்கியது என்ற மனக்குறை அந்தக் கரையில் இன்றும் ஆறவில்லை. அங்கே தேடிய விமானங்கள் இந்தியாவுடையவை, காணாமல் போனவர்களும் இந்தியர்கள். ஆனால் பாக் நீரிணையில் எஞ்சின் நின்றுபோன படகு காற்றோடும் நீரோட்டத்தோடும் போகும், எந்தக் கோட்டையும் மதிக்காது. கோடியக்கரைப் படகு விடிவதற்குள் பருத்தித்துறைப் பக்கம் போய்விடும், மாதகல் படகு இங்கே ஒதுங்கும்.

உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருக்கிறது. சென்னையிலும் டோர்னியர்கள் நிற்கின்றன. தஞ்சாவூரில் 2020 முதல் கடல் தாக்குதலுக்கென்றே சுகோய் படைப்பிரிவு இருக்கிறது. கொழும்பில் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை இந்தியாவே 60 லட்சம் டாலர் கொடுத்து அமைத்து, 2024 ஜூனில் திறந்தும் வைத்தது. அதன் ஆளில்லாக் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று பருத்தித்துறையில் இருக்கிறது. 2016-இல் அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழு இரு நாட்டு அதிகாரிகளையும் அவ்வப்போது ஒரே மேசையில் உட்கார வைக்கிறது. கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது.

நம் மீனவர் ஆபத்தில் 1554-ஐ அடித்தால் கடலோரக் காவல்படை எடுக்கும். சென்னை மீட்பு மையம் கொழும்பைக் கூப்பிடலாம். அங்கிருந்து சீனக்குடாவுக்குச் செய்தி போய், நாம் கொடுத்த டோர்னியரோ, அமெரிக்கா கொடுத்த கிங் ஏரோ கிளம்ப எத்தனை நிமிடம் ஆகும்? யாழ்ப்பாண மீனவர் அங்கே கூப்பிட்டால் உச்சிப்புளியிலிருந்து நம் விமானம் கிளம்ப எத்தனை நிமிடம்? கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்காமல், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் முதலில் பறப்பது என்று எழுத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும். கூட்டுப் பணிக்குழுவின் அடுத்த கூட்டத்தில், படகு விடுவிப்புப் பட்டியலைப் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த நிமிடக் கணக்கை இரு தரப்பும் மேசையில் வைக்க வேண்டும். நாகையிலும் ஜெகதாப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள மீனவர் சங்கங்களுக்கு அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.